தோலின் நிறம் மாற்றும் மருந்தும் மூலிகைக் காப்பும்

2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தொழுநோய்ச் சிகிச்சை மாறியிருக்கிறது. உடம்பில் ஐந்து தேமல் வரை உள்ள, கிருமி குறைந்த நோயாளிகளுக்கு அதுவரை ரிஃபாம்பிசின், டாப்சோன் என்ற இரண்டு மருந்துகளையே ஆறு மாதம் கொடுத்துவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தபடி, இப்போது அவர்களுக்கும் மூன்றாவதாகக் குளோஃபாசிமின் சேர்க்கப்பட்டுள்ளது. கிருமி மிகுந்தவர்கள் இந்த மூன்றையும் பன்னிரண்டு மாதம் சாப்பிடுவது முன்பிருந்தே உள்ள ஏற்பாடு. புதிய ஏற்பாட்டின் மருத்துவக் காரணங்கள் வலுவானவை. ஆனால் அதன் இன்னொரு விளைவைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே இல்லை. கையில் ஒரே ஒரு உணர்ச்சியற்ற தேமலோடு வரும் பள்ளிக்கூடப் பிள்ளையும், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் பெண்ணும் இனித் தோலின் நிறத்தை மாற்றக்கூடிய மருந்தை ஆறு மாதம் சாப்பிடப் போகிறார்கள்.

பெரியவர்களுக்கான மாத்திரை அட்டையில் முதல் நாள் மருந்து தனியாக இருக்கும்: ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம், குளோஃபாசிமின் 300, டாப்சோன் 100. அதைச் சுகாதாரப் பணியாளர் முன்னால் விழுங்க வேண்டும். மீதி 27 நாளும் வீட்டில் தினம் ஒரு டாப்சோன் மாத்திரையும், 50 மில்லிகிராம் குளோஃபாசிமின் அடைத்த பழுப்பு நிறக் கேப்சூல் ஒன்றும். மாதத்தின் முதல் மருந்தைச் சாப்பிட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போவது ரிஃபாம்பிசினால். அது ஓரிரு நாளில் சரியாகிவிடும். குளோஃபாசிமினின் நிறம் அப்படிப் போவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் முகமும் கைகளும் செம்மை பாய்ந்து, பிறகு பழுப்பாகி, மாநிறத் தோலில் கருமையாகவே தெரியத் தொடங்கும். தேமல் இருந்த இடங்கள் சுற்றியுள்ள தோலைவிட அடர்த்தியாகக் கறுக்கும். வெயில் படும் இடங்களில் இன்னும் கூடுதல். கண்ணின் வெண்படலத்தில்கூடப் பழுப்பு ஏறலாம். வியர்வையும் நிறம் மாறலாம். கெண்டைக்காலிலும் முன்கையிலும் தோல் வறண்டு மீன் செதில்போல் வெடிக்கும்.

தொழுநோய் வந்தவர் தன் நோயை ஊருக்கு மறைத்து வைத்திருப்பார். அதைக் குணமாக்க வந்த மருந்தே முகத்தில் வந்து நிற்கும்போது அவர் படும் பாட்டை, ‘அழகு சம்பந்தப்பட்ட சிறு பக்கவிளைவு’ என்று மருத்துவக் குறிப்பில் எழுதிக் கடந்துவிட முடியாது. மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இந்த நிறமாற்றமும் ஒன்று. நிறுத்தாதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். அதிமதுரமா, குப்பைமேனியா, கஸ்தூரி மஞ்சளா, எதைப் பூசினால் இந்தக் கறுப்பு போகும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டுமானால், அந்தக் கறுப்பு எதனால் ஆனது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

குளோஃபாசிமின் பிறப்பிலேயே ஒரு சாயப்பொருள். அதன் கதை தொடங்குவதோ பாறையில் படரும் பாசியில். அயர்லாந்தில் வின்சென்ட் பாரி என்ற வேதியியலாளர் காசநோய்க்கு மருந்து தேடி, லைக்கன் எனப்படும் பாறைப்பாசிகளின் வேதிப்பொருட்களை ஆராய்ந்தார். செட்டிநாட்டுக் குழம்பில் நாம் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அந்தப் பொருட்களில் ஒன்றின் அமைப்பைப் பின்பற்றி அவர் குழு ஆய்வகத்தில் ஒவ்வொரு மூலக்கூறாகச் செய்து பார்த்துக்கொண்டே போனது. 1954-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உருவான ஒரு செந்நிறப் பொருளுக்கு பி663 என்று பெயரிட்டார்கள். காசநோயில் அது அன்று எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1962-இல் நைஜீரியாவில் ஸ்டான்லி பிரவுனும் ஹோகர்சீலும் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். டாப்சோனை மட்டும் நம்பியிருந்த சிகிச்சையில் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டபோது, 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதில் குளோஃபாசிமினுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. கிருமியை அடக்குவதோடு, சிகிச்சையின்போது திடீரென்று காய்ச்சலும் சிவந்த வலிக்கட்டிகளுமாக வரும் எதிர்வினையையும் தணிக்கும் குணம் அதற்கு உண்டு. அந்த எதிர்வினை நரம்பைத் தாக்கிக் கையையும் காலையும் முடக்கக்கூடியது என்பதால் இந்தக் குணம் சாதாரணமானதல்ல. இன்றைக்கு மருந்துக்கு அடங்காத காசநோயிலும் இதே குளோஃபாசிமின் திரும்ப வந்திருக்கிறது. அங்கே தினசரி அளவு 100 மில்லிகிராம் என்பதால் நிறமும் கூடுதலாக ஏறுகிறது.

இந்தச் சாயம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் வெறும் வயிற்றில் சாப்பிடாமல் சாப்பாட்டோடு அல்லது பாலோடு சாப்பிடச் சொல்கிறார்கள். குடலில் உறிஞ்சப்பட்டதும் உடம்பின் கொழுப்பிலும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களிலும் போய்த் தங்கிவிடுகிறது. அந்த விழுங்கணுக்களுக்குள்ளே மருந்து படிகமாகவே உறைந்து கிடப்பதை நுண்ணோக்கியில் பார்க்க முடிகிறது. தேமல் உள்ள இடத்தில் விழுங்கணுக்கள் திரண்டிருக்கும். எனவே அங்கே நிறமும் திரள்கிறது. உடம்பில் உள்ள மருந்தில் பாதி வெளியேறவே சுமார் 70 நாள் பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கதை இதோடு முடியவில்லை. வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோய் ஆய்வில் ஈடுபட்ட நோய்க்குறியியல் அறிஞர் சி.கே. ஜாப், அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் இருந்தபோது, குளோஃபாசிமின் சாப்பிட்டவர்களின் கறுத்த தோலைச் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1990-இல் வெளியான அந்த ஆய்வு, விழுங்கணுக்களில் லிப்போஃபசின் வகைப் பழுப்புப் பொருள் சேர்ந்திருப்பதைக் காட்டியது. கொழுப்பு சிதைந்து, செல்லால் செரிக்க முடியாமல் தேங்கும் கழிவு அது. வயதானவர்களின் இதயத் தசையிலும் நரம்புச் செல்லிலும் இயல்பாகவே சேர்வது. மருந்தை நிறுத்திய பிறகு தோலில் அது படிப்படியாகக் குறைகிறது என்பதையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். ஆக, குளோஃபாசிமின் தரும் நிறத்தில் முதன்மையாக இரண்டு சரக்குகள் இருக்கின்றன: மருந்தின் சொந்தச் சாயம், செல்லில் தேங்கிய கொழுப்புக் கழிவு. இரண்டும் தோலின் மேல்பூச்சுக்கு எட்டாத ஆழத்தில் உள்ளவை.

தோலின் கருமைக்கு எதிராக விற்பனையாகும் மூலிகைகளில் பெரும்பாலானவை குறிவைப்பது மெலனினை. தோலுக்கு இயல்பாக நிறம் தரும் பொருள் அது. அதை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி தேவை. அதிமதுர வேரில் உள்ள கிளாப்ரிடின் இந்த நொதியைத் தடுக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். பேர்பெரி என்ற குளிர்நாட்டுச் செடியின் இலையில் உள்ள ஆர்புட்டினும் அதே வேலையைச் செய்வது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் சிலருக்குக் கன்னத்தில் மங்கு படர்கிறது. அது மெலனினால் வருவது. அங்கே இந்தப் பொருட்களுக்கும் வெயில் காப்புக்கும் வேலை உண்டு. குளோஃபாசிமினின் நிறத்தில் இவற்றுக்குப் பிடிமானம் இல்லை. மாறாக, மருந்து ஏற்றிய நிறம் அப்படியே இருக்க, சுற்றியுள்ள நல்ல தோலின் இயல்பான நிறம் மட்டும் குறைந்தால் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும்.

மருந்துகள் தரும் எல்லா நிறமும் ஒன்றல்ல என்பது இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். நிறத்துக்கு அஞ்சிக் குளோஃபாசிமினை அறவே மறுப்பவர்களுக்கு மாற்றாகச் சொல்லப்படும் மினோசைக்ளின்கூட நீண்ட நாள் சாப்பிட்டால் தோலில் நீலச்சாம்பல் நிறம் ஏற்றக்கூடும். அதில் இரும்பின் பங்கு உண்டு. இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் அமியோடரோன் முகம் முதலிய வெயில் படும் இடங்களில் நீலம் பாய்ச்சக்கூடும். இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்க, ‘எல்லாக் கருமைக்கும் ஒரே மூலிகை’ என்று விற்பவர் எந்தக் கருமையையும் அறியாதவர்.

கறுப்பு போகாவிட்டால் போகட்டும், பூசிப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கூட்டு மருந்து சாப்பிடுகிறவருக்கு நஷ்டம் உண்டு. குப்பைமேனியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சொறி சிரங்கு என்றதும் கை தானாகப் போகும் செடி. மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசாத கிராமம் இல்லை. இலங்கையில் அதைக் கஞ்சியில் போட்டுக் குடிக்கும் வழக்கம் உண்டு. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிலர் அப்படிக் குடித்த பிறகு, அவர்களது சிவப்பணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990-களில் பதிவுசெய்தார்கள். அந்த நொதி குறைந்தவர்களுக்கு டாப்சோனும் அதே கெடுதலைச் செய்யும். தினம் டாப்சோன் சாப்பிடுகிறவர் ‘தோலுக்கு நல்லது’ என்று குப்பைமேனிச் சாறும் குடித்தால், சிவப்பணுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிபடும். மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயத்துக்கும் இதே குணம் உண்டு. இந்தக் குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் மருதாணி பூசி இரத்தம் உடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அதிமதுரம் பூசினால் பெரிய கெடுதல் இல்லை. கஷாயமாக நாள்கணக்கில் குடிப்பது வேறு விஷயம். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். தொழுநோய் எதிர்வினைக்கு வாரக்கணக்கில் பிரெட்னிசலோன் சாப்பிட நேர்கிறது. அந்த ஸ்டீராய்டு உடம்பில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. இரண்டும் சேர்ந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் அந்த இடம் கொப்பளித்துப் புதிய கறுப்புத் தழும்பே வரும். கார்போகரிசியில் சோராலன்கள் இருக்கின்றன. வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்துவதன் நோக்கமே, வெயிலோடு சேர்த்துத் தோலைக் கறுக்க வைப்பது. துணிக்குக் குறியிட வண்ணார்கள் பயன்படுத்திய சேராங்கொட்டையின் பால் தோலை வெந்து போகச் செய்யும். தொட்டால் தெரியாத தோலில் இவை எல்லாமே இரட்டை ஆபத்து. எரிச்சல் தெரிந்தால்தானே கழுவ ஓடுவோம்? தொழுநோய் தின்ற நரம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதில்லை.

இதைவிட மோசமானவை ‘மூலிகை’ என்ற பெயரில் வரும் வெளுப்பு கிரீம்கள். சிலவற்றில் பாதரசமும், சிலவற்றில் வலுவான ஸ்டீராய்டும் கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது செய்தியாக வந்தது. தயாரித்தவர் பெயரும் உள்ளடக்கமும் ஒழுங்காக அச்சிடாத டப்பாவைத் தொடவே கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இப்படிச் சொல்வது தாவர மருந்தின் மேல் பகைமையால் அல்ல. தொழுநோய்க்கு உலகம் முழுவதும் வெகுகாலம் இருந்த மருந்தே தாவரத்திலிருந்து வந்ததுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் நீரடிமுத்து எண்ணெயும் அதன் உறவான சால்மூக்ரா எண்ணெயும் 1940-களில் டாப்சோன் வகையான சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை அந்த இடத்தில் இருந்தன. ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் 1915-இல் சால்மூக்ரா எண்ணெயை ஊசியில் ஏற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றியதைச் சரித்திரம் நன்றியோடு நினைக்கிறது. அவற்றைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து வந்ததும் அவை விலகின. மூலிகைக்கும் மாத்திரைக்கும் உரைகல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த உரைகல்லில் தேறி நிற்கும் தாவரப் பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. நிறத்தை எடுக்கும் சக்தி தேங்காய் எண்ணெய்க்கு இல்லை. ஆனால் குளோஃபாசிமின் செய்யும் இன்னொரு கெடுதலான வறட்சியை அது தணிக்கும். தொழுநோயில் வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பு கெட்டு, தோல் ஏற்கெனவே காய்ந்திருக்கும். மருந்து அதை இன்னும் காய வைக்கிறது. காய்ந்த தோல் வெடிக்கும், வெடிப்பு வழியே சீழ் பிடிக்கும். உணர்ச்சியில்லாத பாதத்தில் அது புண்ணாகி எலும்புவரை போகும். சொறிந்த இடமும் புண்ணாறிய இடமும் மெலனின் கூடித் தனியாகக் கறுக்கும். வறட்சியைத் தடுத்தால் இந்த இரண்டாவது கறுப்பைத் தடுக்கலாம். சாம்பல் பூத்ததுபோல் செதில் நிற்கும் தோல் வழவழப்பாகும்போது பார்ப்பவர் கண்ணுக்கும் வேறுபாடு குறையும். பிலிப்பைன்சில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, வறண்ட தோலுள்ள 34 பேரில் தூய தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டது. இரண்டும் தோலின் ஈரத்தைக் கூட்டின. தேங்காய் எண்ணெயால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. எல்லா எண்ணெயும் இப்படி அல்ல. ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைத் தளர்த்துவதாக 2013-இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வு காட்டியது. விலை கூடியதால் அது மேலான எண்ணெய் ஆகிவிடாது.

பூசும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. தொழுநோய் மருத்துவமனைகளில் காலம்காலமாகச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. அகன்ற பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றிக் காலையோ கையையோ 20 முதல் 30 நிமிடம் ஊற வைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, சூடு தெரியாத தோல் வெந்துவிடும். ஊறிய பிறகு தடித்த இடங்களைச் சொரசொரப்பான கல்லால் இதமாகத் தேய்த்து எடுக்கலாம். வெடிப்பில் இரத்தம் வரும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. தண்ணீரை ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெயைத் தடவ வேண்டும். எண்ணெய் தானாக ஈரம் தராது. தோல் குடித்த தண்ணீரை வெளியே போகவிடாமல் மூடி வைப்பதுதான் அதன் வேலை. காய்ந்த தோலில் எவ்வளவு தடவினாலும் பலன் பாதிதான். தடவும்போதே உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து முள், கொப்புளம், சிவப்பு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தினமும் செய்ய வேண்டிய வேலை இது. காசில்லாத வேலையும்கூட.

வெயிலைத் தடுப்பது அடுத்த காப்பு. மத்திய அமெரிக்கக் காடுகளில் வளரும் பாலிபோடியம் என்ற பெரணியின் சாறு, வாய்வழி சாப்பிட்டால் வெயிலில் தோல் சிவப்பதைக் குறைக்கும் என்பதற்கு மனிதர்களில் செய்த ஆய்வுகள் உண்டு. மாத்திரையாக நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆனால் வயலில் நாற்று நடுகிறவருக்கு நான் சொல்வது அதை அல்ல. முழுக்கை வைத்த பருத்திச் சட்டை, தலையில் முண்டாசு அல்லது பனையோலைத் தொப்பி, நடுப்பகலில் நிழல். இவை மூன்றும் அந்த மாத்திரையைவிட உறுதியாக வெயிலை மறிக்கும், இவையும் செடியும் மரமும் தந்தவைதான்.

மூலிகையை முறையாகச் சோதித்துப் பார்த்ததற்கு உதாரணம் உண்டு. துருக்கியில் கேப்சிடாபின் என்ற புற்றுநோய் மருந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும் நோயாளிகளுக்கு மருதாணி பூசிப் பார்த்து, 2008-இல் மருத்துவர்கள் முடிவை வெளியிட்டார்கள். பத்துப் பேரளவிலான சின்ன ஆய்வுதான். பலருக்கு எரிச்சல் தணிந்தது. ஊர்ப் பழக்கத்தில் இருந்த ஒரு பொருளை எடுத்து, யாருக்கு, எதற்கு, எவ்வளவு நாள் என்று குறித்துவைத்துச் சோதித்தார்கள் என்பதே அதில் எனக்குப் பிடித்தது. குளோஃபாசிமினுக்கு நம்மிடம் இதைவிட வசதியான களம் இருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும், வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனையும் இருக்கின்றன. சித்த மருத்துவர்களையும் தோல் மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வெள்ளை வாசலைன் மூன்றையும் ஒழுங்காக ஒப்பிட்டால் ஓரிரு ஆண்டில் விடை தெரியும். கொழுப்பு சிதைவதைத் தடுக்கும் மஞ்சள் முதலிய பொருட்கள் லிப்போஃபசின் சேர்வதைக் குறைக்குமா என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான். சோதனை முடியும்வரை அது கேள்வியாகவே இருக்கட்டும். யாரும் அதைப் பொடியாக்கிப் பொட்டலம் கட்டி விற்க வேண்டாம்.

ஆய்வுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. முதல் அட்டையைக் கையில் கொடுக்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிட வேண்டும்: நிறம் மாறும், எந்த மாதத்தில் தொடங்கும், எங்கே அதிகமாகத் தெரியும், எப்போது போகும் என்று. வீட்டாரையும் உட்கார வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. முன்கூட்டித் தெரிந்தவருக்கு அந்த நிறம் மருந்து உடம்பில் சேர்ந்ததன் அடையாளம். தெரியாதவருக்கு அது நோய் முற்றியதன் அடையாளமாகத்தான் படும். நிறம் தாங்க முடியாத மனவேதனை தருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், ‘ஏன் இப்படிக் கறுத்துப் போனாய்’ என்று கேட்காதீர்கள். கால் ஊற வைக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், அட்டையில் கேப்சூல் மிச்சமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் நிறம் மங்கத் தொடங்கிவிடும்; சிலருக்கு முழுதாகப் போக இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்.